கடல் கடந்த சிராவகர்

சம்மேத சிகர யாத்திரை சென்று வந்த நம் குடும்பத்தார் எவரும் அந்தப் பின்னிரவுப் புறப்பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். மதுபனத்துத் தர்மசாலையில் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நீராடி, கையில் மூங்கிற்கோலும் நாவில் பஞ்ச நமஸ்கார மந்திரமுமாக இருளில் மலையேறத் தொடங்குகின்றோம். முதியோர் டோலியில் அமர்ந்து வருகின்றனர். இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய மலை அது. ஏறி, திருவடிக் கோயில்களை எல்லாம் வலம் வந்து, இறங்கி முடிக்க ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நாம் பள்ளிப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டில் அம்மலையை ஏறினோம். பார்சுவநாதர் திருவடிக் கோயிலின் படிகளில் அமர்ந்து கீழே பரந்து கிடந்த பசிய காட்டைக் கண்டபோது, உலகம் தோன்றிய நாள் முதல் இம்மலை இவ்வாறே அமைதியாக இருந்திருக்கும் என்று எண்ணிக் கொண்டோம்.

அவ்வெண்ணம் தவறு என்பதைப் பின்னரே அறிந்தோம். 1891-ஆம் ஆண்டில் இம்மலையின்மீது பன்றிகளைக் கொன்று கொழுப்பெடுக்கும் தொழிற்சாலை ஒன்று நடந்தது. போடம் என்னும் ஆங்கிலேயர் அதனை நடத்தினார். நாம் வெறுங்காலுடன் நடந்த மண்ணின் வரலாறு அது. அத்தொழிற்சாலையை அகற்றப் பாடுபட்டவர் ஒரு துறவியும் அல்லர், ஓர் அரசரும் அல்லர். இருபத்தேழு வயது நிரம்பிய ஓர் இல்லறத்தார். அவர் பெயர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. 1893-இல் சிகாகோ நகரில் கூடிய சர்வ சமயப் பேரவையில் ஜைன சமயத்தின் சார்பாகப் பேசியவர் என்ற அளவில் இப்பெரியாரின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்பர். அப்பேரவை என்றவுடன் சுவாமி விவேகானந்தரின் நினைவே எல்லோர்க்கும் வருகிறது. அது இயல்பே. ஆயினும் அதே மேடையில் நம் சமயத்தின் பெயரைச் சொல்ல நின்றவரின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது முறையன்று.

வீர்சந்த் காந்தி 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் கத்தியவார் நாட்டில் பாவநகரத்தை அடுத்த மகுவா என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் ராகவ்ஜி தேஜ்பால் வணிகர். பாவநகரத்தில் பள்ளிப்படிப்பை முடித்து, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து 1884-இல் சிறப்புத் தகுதியுடன் பி.ஏ. பட்டம் பெற்றார். ஜைனருள் பட்டம் பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. மறு ஆண்டே, இருபத்தோராம் வயதில், இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளரானார். கௌரவம் என்பதற்கு ஊதியம் இல்லை என்பதே பொருள் என்று சங்கங்களில் பணியாற்றிய நம் வாசகர்கள் நன்கறிவர்.

அப்பொறுப்பில் அவர் எதிர்கொண்ட முதற் சிக்கல் சத்ருஞ்சய மலையைப் பற்றியது. மலை அமைந்த பாலிதானா நாட்டின் மன்னர் யாத்திரிகர் மீது தலைவரி விதித்திருந்தார். வரியைவிட அதனைத் திரட்டிய முறையே மக்களுக்குப் பெருந்துன்பமாயிற்று. மன்னரின் எல்லைக்குள் சென்று இதனை எதிர்த்துப் பேசுவது உயிருக்கே இடராகலாம் என்ற நிலை. வீர்சந்த் அங்குச் சென்றார். பம்பாய் ஆளுநர் ரே பிரபுவிடமும் அரசப் பிரதிநிதி வாட்சனிடமும் மீண்டும் மீண்டும் முறையிட்டார். 1886-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டுக்கு 15,000 ரூபாய் மொத்தமாகச் செலுத்திவிடுவது, யாத்திரிகரைத் தனித்தனியே எண்ணி வரி வாங்குவதில்லை, இந்த ஏற்பாடு 40 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது அதன் சாரம். அன்றைய கணக்கில் 15,000 பெருந்தொகைதான். ஆயினும் ஓர் ஏழைக் கிழவி வாசலில் காசு எண்ணிக் கொடுக்காமல் மலையேற முடிந்தது.

அடுத்து வந்தது நாம் முதலில் கூறிய சம்மேத சிகரத்து வழக்கு. தொழிற்சாலைக்காரர் அப்பகுதி ஜமீனிடம் நிலத்தைக் குத்தகையாகப் பெற்றிருந்தார். ஆவணங்கள் அவர் பக்கம் இருப்பதாகவே தோன்றின. மலை முழுவதும் புனிதமானது என்று ஜைனர் கூறினால் அதற்குச் சான்று எங்கே என்று நீதிமன்றம் கேட்கும். பழைய பட்டயங்களும் உரிமைத் தாள்களும் வங்க மொழியில் இருந்தன. வீர்சந்த் கல்கத்தாவில் சென்று தங்கினார். மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக் கொள்ளவில்லை. ஆறு திங்கள் அங்கிருந்து வங்க மொழியைத் தாமே கற்று, ஆவணங்களைத் தாமே படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முடிவில் தொழிற்சாலை அகன்றது.

ஆசிரியத் தொழில் செய்தவர் என்ற முறையில் இந்நிகழ்ச்சியில் நம் மனம் பெரிதும் தங்குகிறது. வீரம் என்றால் நம் பாடநூல்கள் வாளையும் குதிரையையும் காட்டின. அவற்றைத்தான் நாமும் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தோம். ஓர் அயல்மொழியின் அரிச்சுவடியை முன்வைத்துக் கொண்டு, ஊரார் எல்லாம் பக்திப் பரவசத்தில் வருந்திக் கொண்டிருக்கும்போது, தனியாக ஓர் அறையில் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் இளைஞனை எந்தப் பாடநூலும் வீரன் என்று படம் போட்டுக் காட்டவில்லை.

இதற்கிடையே 1890-இல் தந்தையார் காலமானார். அக்காலத்தில் அந்நாட்டில் இறந்தோர் பொருட்டுத் தெருவில் கூடி மாரடித்து அழும் வழக்கம் இருந்தது. வீர்சந்த் அவ்வழக்கத்தைத் தம் வீட்டில் நடத்த மறுத்தார். ஊராரின் கசப்பை அவர் முதன்முதலில் சுவைத்தது அப்போதுதான் போலும். வழக்குரைஞர் தொழிலுக்குப் பயிற்சி பெற்று வந்த அந்நாள்களில், இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பி வேலையின்றிப் பம்பாயில் இருந்த மற்றொரு கத்தியவார் இளைஞருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. இருவரும் சேர்ந்து உணவுப் பரிசோதனைகள் செய்தனர். அவ்விளைஞரே மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. குடும்பப் பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். கடல் கடந்ததற்காக மோகன்தாஸை 1888-இல் அவர் சாதியார் விலக்கி வைத்திருந்தனர் என்பதை வாசகர்கள் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

சிகாகோ அழைப்பு முதலில் வீர்சந்துக்கு வந்ததன்று. ஆத்மாராம்ஜி என்று வழங்கப்பெற்ற ஆசாரியர் விஜயானந்த சூரிக்கே அது வந்தது. துறவியர் ஊர்தி ஏறுவதில்லை. மரக்கலம் ஏறிக் கடல் கடப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. ஆசாரியர் விதியைத் தளர்த்தவும் இல்லை, அழைப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. தம் சார்பில் ஒரு சிராவகரை அனுப்புவது என்று முடிவு செய்து, வீர்சந்தை வரவழைத்துச் சமய நூல்களில் பல திங்கள் பயிற்சி அளித்தார். பேரவைக்கென்றே சிகாகோ பிரச்னோத்தரம் என்னும் வினாவிடை நூலையும் இயற்றினார்.

சிராவகருக்குத் துறவியின் விதி இல்லை. ஆனால் சமூகத்தின் தடை இருந்தது. கடல் கடப்பவன் உண்ணத் தகாததை உண்பான், கலக்கத் தகாதவரோடு கலப்பான், திரும்பி வரும்போது வேறு ஒருவனாக வருவான் என்பது அச்சம். அந்த அச்சத்தை நாம் எளிதில் நகைத்து ஒதுக்கிவிட முடியாது. எண்ணிக்கையிற் சிறுத்த ஒரு சமூகம் தன் உணவையும் ஒழுக்கத்தையும் வேலியாகக் கொண்டே பல நூற்றாண்டுகள் உயிர் பிழைத்தது. தமிழகத்துச் சமணராகிய நமக்கு இதனை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் ஆசிரியப் பயிற்சிக்காக வெளியூர் விடுதிக்குச் சென்றபோது நம் பாட்டியார் இதே அச்சத்தால் மூன்று நாள் சரியாக உண்ணவில்லை. விடுதியில் இரவு எட்டு மணிக்கே உணவு. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்தை விடுதித் தலைவியார் செவிமடுக்கவில்லை. முதல் வாரம் பொரியும் வாழைப்பழமும் கொண்டு கழித்தோம். பின்னர்ச் சமையற்கார அம்மையார் நண்பகற் சோற்றில் ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைத்து மாலை ஐந்தரை மணிக்குக் கொடுக்கலானார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஏன் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

வீர்சந்த் தம்முடன் இரண்டு பொருள்களைக் கொண்டு சென்றார் என்று சுருக்கமாகக் கூறலாம்: ஒன்று அவருடைய தலைப்பாகை, மற்றொன்று அடுப்பு. கத்தியவார் முறையில் கட்டிய பொற்கரைத் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் தோளிற் சால்வையுமாகவே அவர் அமெரிக்கா முழுதும் காட்சியளித்தார். இன்று கிடைக்கும் அவருடைய புகைப்படங்கள் அக்கோலத்திலேயே உள்ளன. சமையலுக்கு உதவியாக மகுவா ஊரைச் சேர்ந்த நாது மன்சந்த் என்பவர் உடன் சென்றார்.

பேரவை 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் தொடங்கி 27-ஆம் நாள் வரை நடந்தது. வீர்சந்துக்கு அப்போது வயது இருபத்தொன்பது. ஜைன சமயம் என ஒன்று தனியே உண்டு என்பதே அங்குக் கூடியவர்களுட் பலருக்குப் புதிய செய்தி. அது பௌத்தத்தின் ஒரு கிளை என்றே மேனாட்டார் நெடுங்காலம் எழுதி வந்தனர். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி 1879-இல் கல்ப சூத்திரத்தைப் பதிப்பித்தபோதுதான் அக்கருத்தை மறுத்து நிறுவினார். அறிஞர் ஏற்றுக்கொண்டாலும் பொதுமக்கள் அறிய நாளாகும் அன்றோ? ஆகவே முதல் நாள் வரவேற்புக்கு மறுமொழியாகக் கிடைத்த சில நிமிடங்களில் வீர்சந்த் வேறு எதையும் விரித்துரைக்கவில்லை. தம் சமயம் பௌத்தத்தினும் பழமையானது, அறத்தில் அதனை ஒத்தது, உயிர் பற்றிய கொள்கையில் அதனின் வேறானது, இந்தியாவில் பதினைந்து லட்சம் மக்கள் அதனைப் பின்பற்றுகின்றனர் என்று கூறி, தம்மை அனுப்பிய ஆசாரியரின் வாழ்த்தைத் தெரிவித்து அமர்ந்தார்.

நீங்கள் யார் என்னும் வினாவுக்கு விடை கூறுவது எவ்வளவு கடினம் என்பதை நம் வாசகர்கள் அறிவர். பணியாற்றிய பள்ளிகளில் எல்லாம் நாம் ஜைனர் என்றவுடன் வடநாட்டுச் சேட்டுக் குடும்பமா, தமிழ் எப்படி இவ்வளவு நன்றாகப் பேசுகின்றீர்கள் என்று கேட்டவர் பலர். நம் முன்னோர் இம்மண்ணில் எத்தனை நூற்றாண்டு உழுதுண்டனர் என்பதையும் சிந்தாமணியையும் நீலகேசியையும் ஒரே மூச்சில் எடுத்துரைப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும்.

செப்டம்பர் 25-ஆம் நாள் அவருடைய முதன்மை உரைக்கு உரியது. அதற்கு முதல் நாள் லண்டனிலிருந்து வந்திருந்த பென்டகாஸ்ட் என்னும் பாதிரியார் இந்துக் கோயில்களில் பணிபுரிந்த பெண்களைக் குறிப்பிட்டு இந்து சமயத்தை இழித்துப் பேசினார். மறுநாள் மேடையேறிய வீர்சந்த் தம் உரையைத் தொடங்குமுன் அதற்கு விடை கூறினார். அவர் பேசாது விட்டிருந்தால் எவரும் குறை கூறியிரார். தாக்கப்பட்டது அவர் சமயமன்று. தம் சமயத்தை எவரும் தாக்கவில்லை என்பதை அவரே எடுத்துக் கூறிவிட்டு, சமுதாயத்தின் இழிவுகள் சமயத்தால் வந்தவையல்ல, சமயம் இருந்தும் வந்தவை, எல்லா நாட்டிலும் அவ்வாறே என்று விளக்கினார். அயலார் வீடு தீப்பற்றும்போது தன் வீட்டுக் கூரையை மட்டும் நனைத்துக் கொள்பவராக அவர் இருக்கவில்லை. அதே வேளையில் தாம் வேறு சமயத்தவர் என்பதையும் மறைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்தல் அரிது.

அதன்பின் நிகழ்த்திய உரையில் பொருள்களை நோக்கும் இரு நயங்களை அவர் எடுத்துரைத்தார். திரவியார்த்திக நயத்தால் நோக்கினால் உலகம் தோற்றமும் முடிவும் அற்றது. பரியாயார்த்திக நயத்தால் நோக்கினால் கணந்தோறும் தோன்றி மறைவது. திரவியம் நிலைப்பது, பரியாயம் மாறுவது என்று நம் பாடசாலைச் சிறுவரும் ஒப்பிப்பர். பொன் அழிவதில்லை, வளையல் அழிந்து மோதிரமாகிறது என்ற எடுத்துக்காட்டும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அதனை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தோமா? கடல் கடப்பவன் வேறு ஒருவனாகிவிடுவான் என்று அஞ்சியவர்கள் பரியாயத்தையே பொருள் என்று கொண்டனர். அந்நயம் பிழையன்று, அது மட்டுமே என்று பற்றிக் கொண்டால்தான் பிழை. ஊரும் மொழியும் சூழ்ந்த மக்களும் மாறின. சிகாகோவின் பனிக்காலத்தில் உயிர்க்கொலையற்ற உணவன்றி வேறொன்றும் உண்ணாத அம்மனிதர் மாறவில்லை.

பேரவை முடிந்ததும் அவர் திரும்பிவிடவில்லை. பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன், கிளீவ்லண்ட் முதலிய நகரங்களில் 1895 வரை தங்கிப் பேசினார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பின்னர் ஆற்றியவற்றையும் சேர்த்து அவருடைய சொற்பொழிவுகள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை என்பர். தத்துவம் மட்டுமன்று, இந்திய வணிகம், பெண்களின் நிலை, யோகம், உணவு என்று கேட்டவர் விரும்பிய யாவும் பேசினார். இந்தியப் பெண்களின் கல்விக்காக ஒரு சங்கம் அவர் முயற்சியால் அமெரிக்காவில் தோன்றியது. அதன் செயலாளரான ஹோவர்டு அம்மையார் புலாலுணவை விட்டுச் சாமாயிகமும் பயிலலானார். எல்லாம் புகழ்ந்துரைக்க வேண்டும் என்பதில்லை. ஏசுநாதர் இந்தியாவுக்கு வந்து கற்றார் என்று கூறும் நோட்டோவிச் என்பாரின் நூலை வீர்சந்த் 1894-இல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூல் கற்பனை என்று அறிஞர்கள் பின்னர்க் காட்டிவிட்டனர். பட்டயங்களைத் தாமே படித்துப் பார்த்தாலன்றி அமையாத அவர், இந்நூலின் மூலச் சுவடியைக் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

அவர் அங்கே இவ்வாறு உழைக்கும்போது இங்கே நடந்தது என்ன? கடல் கடந்த குற்றத்துக்காக அவரைச் சமூகத்தினின்றும் விலக்க வேண்டும் என்று ஒரு சாரார் கிளர்ந்தனர். இதனை நாம் பகைவர் எழுதியதைக் கொண்டு கூறவில்லை. விவேகானந்தர் 1894-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜூனாகத் திவானுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இதனைக் குறிப்பிட்டு வருந்துகிறார். கடுங்குளிரிலும் தாவர உணவை விடாது, தம் நாட்டாரையும் சமயத்தையும் காத்து நிற்கும் இவரை, அனுப்பி வைத்தவர்களே சாதியிலிருந்து நீக்க முயல்கின்றனரே என்பது அக்கடிதத்தின் கருத்து. ஒரே மேடையில் பாராட்டுக்கு உரியவராக நின்ற ஒருவர் மற்றவருக்காக வருந்தி எழுதினார். நம் சமூகத்துக்கோ வருத்தம் தோன்றவில்லை.

நம் சமூகம் என்று எழுதியதை ஒரு சிலர் மறுக்கக்கூடும். வீர்சந்த் சுவேதாம்பரர், நாம் திகம்பரர். அவரை விலக்க முயன்ற பழி நமக்கு எதற்கு என்று கேட்பர். அவர் காத்த சம்மேத சிகரத்தில் ஏறும்போது நாம் அக்கேள்வியைக் கேட்பதில்லை. புண்ணியத்தில் பங்கு கொண்டால் பழியிலும் ஒரு சிறு பங்கு கொள்ளுதல் நேர்மை. மேலும், வெளியே சென்று படித்த முதல் தலைமுறைப் பெண்களை நம் ஊர்களிலும் எவ்வாறு பேசினர் என்பது முதியோர்க்கு நினைவிருக்கும்.

1895-இல் தாயகம் திரும்பியபோது வரவேற்பும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. கிளர்ந்தவர்களோடு அவர் பூசலிடவில்லை. பம்பாயில் சமய தத்துவ வகுப்புகள் நடத்தினார். மறு ஆண்டே மீண்டும் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வர, இம்முறை மனைவி ஜீவிபாயையும் மகன் மோகனையும் அழைத்துக் கொண்டு கப்பலேறினார். தனியாகச் சென்றதையே பொறாதவர்கள் இதனை எவ்வாறு கொண்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வாண்டு இந்தியாவில் கொடும்பஞ்சம் தொடங்கியது. 1896, 1897 ஆண்டுகளின் அப்பஞ்சத்தில் மாண்டவர் லட்சக் கணக்கினர். வீர்சந்த் சிகாகோவில் ஒரு நிவாரணக் குழுவை அமைக்கச் செய்தார். சர்வ சமயப் பேரவையின் தலைவராயிருந்த போனி என்பாரே அக்குழுவுக்கும் தலைமை தாங்கினார். ஒரு கப்பல் நிறைய மக்காச்சோளம் கல்கத்தாத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ரொக்கமாக ஏறத்தாழ 40,000 ரூபாயும் வந்தது. அக்கப்பல் கடல் கடந்து வந்த குற்றத்துக்காகத் தானியத்தை உண்ண மறுத்தவர் எவரும் இருந்ததாக நாம் படித்ததில்லை.

பின்னாளில் லண்டனில் தங்கிச் சட்டம் பயின்றார். 1900-ஆம் ஆண்டளவில் அங்கு அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர் ஒருவர். அவர் புலால் துறந்து ஜைன நோன்புகளை ஏற்றார்; வீர்சந்த் கூறக் கேட்டு எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு 1912-இல் ஜைனக் கொள்கைகளை விளக்கும் ஓர் ஆங்கில நூலையும் வெளியிட்டார். ஆசிரியர் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்நூல் வந்தபோது ஆசிரியர் இல்லை.

இடைவிடாத பயணமும் உழைப்பும் உடலை அரித்துவிட்டன. 1901-இல் நோயுடன் பம்பாய் திரும்பிய வீர்சந்த், அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் காலமானார். முப்பத்தேழு வயது நிறையப் பதினெட்டு நாள்கள் இருந்தன. கடலுக்கு அப்பால் அவர் தொடங்கிய பணி அவருடன் நின்று போயிற்று. அவ்விடத்தில் வந்து நிற்க அடுத்த ஒருவரைச் சங்கம் அனுப்பவில்லை. அவர் கட்டுரைகளும் உரைகளும் மறைவுக்குப் பின்னரே நூல்களாகத் தொகுக்கப்பட்டன. நூறாண்டு கடந்து 2002-இல் இந்திய அஞ்சல் துறை தலைப்பாகையுடன் கூடிய அவர் உருவத்தைத் தாங்கிய அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது. அவரை விலக்க எழுந்தவர்களின் பேரர் பேத்தியர் இன்று அதே சிகாகோவில் ஆலயம் எழுப்பி, அதில் அவருக்குச் சிலையும் நாட்டியுள்ளனர்.

சென்ற ஆனி மாதம் நம் உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்பட்டாள். வீடு முழுவதும் பொட்டலங்கள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, வற்றல், வடகம் என்று அவள் பெரியம்மா கட்டிக் கொண்டே இருந்தார். எடை மிகுந்துவிட்டது என்று தம்பி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக் கொண்டிருந்தான். நாம் ஒரு மூலையில் அமர்ந்து அவளுக்கு இவ்வரலாற்றைக் கூறினோம். பேரவையில் எத்தனை பேர் கூடினர், பாதிரியாருக்கு என்ன விடை கூறினார் என்பவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். முடித்தபின், அவ்வளவு நாள் அவருக்குச் சமைத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டாள். மகுவா ஊர்க்காரர், நாது மன்சந்த் என்றோம். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, தன் பயணச்சீட்டின் உறைமேல் அப்பெயரை எழுதிக் கொண்டாள்.